எண்ணெய்த் தாளின் பின்பக்கம்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. எங்கே ஒற்று போடுவது, எங்கே விடுவது என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. ஞாபகமும் முன்போல் இல்லை. நேற்று அரிசியை ஒரு தடவை களைந்தேனா, இரண்டு தடவை களைந்தேனா என்று தெரியாமல் மூன்றாவது தடவையும் களைந்து வைத்தேன். அதனால் முன்னுக்குப் பின் ஏதாவது வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிற ஒருத்தரிடம் சொல்வது போலத்தான் எனக்கு எழுத வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே அந்தமானில், போர்ட் பிளேர் டாலிகஞ்சில் என் தங்கச்சி மகள் மல்லிகா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானத்துக்குக் கைப்பேசியிலேயே பிரியாணி சொன்னார்கள். பொட்டலம் வந்து மேசையில் இருக்கும்போதே மல்லிகாவின் வீட்டுக்காரர் முருகேசனுக்கு ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு ஓட்டல் அடுப்படி. தரையில் மாவு, மாவின் மேல் ஒருத்தன் கால், பக்கத்தில் கரப்பான். அவ்வளவுதான், பொட்டலத்தை யாரும் தொடவில்லை. ஆளாளுக்குப் பேச்சு ஆரம்பித்தது. எண்ணெயில் கலப்படம், மசாலாவில் கலப்படம் என்று தொடங்கி, விலைவாசி, எலெக்‌ஷன், எங்கேயோ நடக்கிற சண்டை, கப்பல் டிக்கெட் கிடைக்காதது வரை போய், மறுபடி பிரியாணிக்கே வந்து நின்றது.

"அத்தை, இனிமே டவுன்ல எங்கயும் வாய் வைக்கக் கூடாது, பாத்தீங்களா?" என்றார் முருகேசன்.

"இது எந்த ஊரு கடைங்க? எப்ப எடுத்தது?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? எல்லாரும் அனுப்புறாங்க."

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். வீடே சிரித்தது. அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வீர்கள்.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டது நான் ஒருத்திதான். ருசி பரவாயில்லை. ஆனால் சூட்டில் இளகிய பிளாஸ்டிக் டப்பாவின் வாசனை சோற்றுக்குள் இறங்கியிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு நேர் எதிரான இன்னொரு வாசனை ஞாபகம் வந்துவிட்டது. பாதாம் மரத்தின் பச்சை இலையில் சூடான உளுந்த வடையை வைத்து மூடினால் ஒரு வாசனை வரும், தெரியுமா? இலை லேசாக வெந்து, கொஞ்சம் துவர்ப்பாக. அது இதே ஊரில் ஜங்லிகாட்டில் இருந்த சொர்ணம் அக்கா கடை வாசனை.

அந்தக் கடையில் நான் பதினொரு வருஷமோ பன்னிரண்டு வருஷமோ வேலை பார்த்தேன். பிறந்தது இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில். சின்ன வயதில் எங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பி, அங்கிருந்து நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கல்யாணம் ஆகி போர்ட் பிளேருக்கு வந்தபோது எனக்கு இருபது வயசு இருக்கும். அதுவரை காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கித் தின்றதே கிடையாது. கடைச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும் என்பது எங்கள் அம்மாவின் உறுதியான கருத்து. என் வயிற்றை அதிகம் கெடுத்தது அம்மாவின் கருவாட்டுக் குழம்புதான் என்பதை அவளிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக்காரருக்கு ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், மூட்டை விழுந்து கால் போன நேரம் அது.

சொர்ணம் அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை செய்தார். மாதத்தில் பாதி நாள் தீவில் இருக்கமாட்டார். அக்காவே கடையை நடத்தினாள். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். சேர்ந்த முதல் நாள் என்னிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"ஏட்டி, நகம் வெட்டிருக்கியா? காட்டு."

காட்டினேன். வெட்டவில்லை. வெட்டிவிட்டு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். முதல் நாள் வேலை எனக்கு அதோடு முடிந்தது.

அவள் கடையின் சுத்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நோட்டு போதாது. ரெண்டு மூன்று மட்டும் சொல்கிறேன். காய்கறி எல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வரும். அக்கா காய்க்கு வயசு சொல்லித்தான் பரிமாறுவாள். "தக்காளி கப்பல் எறங்கி எட்டு நாளாச்சு அண்ணாச்சி, ரசத்துக்குத்தான் ஆவும். சாம்பார்ல கத்தரிக்கா இல்ல, அது நேத்தே கண்ண மூடிட்டு." கப்பல் தாமதமானால் காய் இல்லாத சாம்பார்தான். மறைக்கமாட்டாள். மீன் வாங்க ஜெட்டிக்கு அவளே போவாள், செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். வெயில் ஏறிவிட்டால் சூரை மீனை ஓசியில் கொடுத்தாலும் தொடமாட்டாள். வெயிலில் கிடந்த சூரை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தின்றால் நாக்கு அரிக்கும், உடம்பு தடித்துவிடும். வடை சுட்ட எண்ணெயில் மறுநாள் அப்பளம்கூடப் பொரிக்க விடமாட்டாள்.

இன்னொன்று. அந்தக் கடையில் அடுக்களைக்குக் கதவு கிடையாது. இருந்த கதவைக் கழற்றி, கால் வைத்து, காய் நறுக்கும் மேசையாக ஆக்கிவிட்டாள். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று அர்த்தம். நான் சொல்லப்போகிற அந்த நாள்வரை ஒருத்தரும் வந்து பார்த்ததில்லை.

பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? எல்லோரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேப்பரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்நாளில் தமிழ்ப் பேப்பர் கப்பலில் கட்டுக் கட்டாக வரும். ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவே பத்து நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். ரேடியோவில் சேதி அன்றன்றைக்கே வந்துவிடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பெஞ்சுக்காரர்களுக்கு ரேடியோவில் கேட்டது வெறும் சத்தம். பேப்பரில் அச்சாகி வந்தால்தான் விஷயம். மந்திரிசபை கவிழ்ந்ததை ரேடியோ சொல்லி ஒரு வாரம் ஆன பிறகும், கவிழுமா கவிழாதா என்று வந்த பேப்பரை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அடுத்த கட்டைப் பிரித்து, தான் சொன்னதுதான் சரி என்று நிரூபிப்பதில் ஒரு ஆனந்தம்.

பெஞ்சின் தலைவர் மரைன் ஹில்லில் குடியிருந்த ஹெட்கிளார்க் ஐயா. வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா. டெல்லி, மெட்ராஸ், லண்டன் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்கு எதிர்க்கட்சி பெங்காலித் தச்சர் பிஸ்வாஸ் தாதா. தமிழ் புரியும், படிக்கத் தெரியாது. பேப்பரில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஜூட் ஹை, சப் ஜூட்," எல்லாம் பொய் என்பார். பல சமயம் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

படித்து முடித்த பேப்பர்கள் அடுக்களை மூலைக்கு வரும். நான் அவற்றைக் கிழித்து வடை பொட்டலம் கட்டுவேன். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் ரெண்டு பக்கமும் படித்துவிடுவேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுதான் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு எல்லாம். அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் படிக்கிறாள் என்று திட்டுவாளோ என்ற பயம். அடுக்கின் அடியிலிருந்துதான் தாள் உருவுவேன். மேலே இருப்பதை யாராவது திரும்பக் கேட்பார்கள்.

அது மாசி கழிந்து பங்குனி பிறந்த சமயம். ஊரில் தண்ணீர் நாள் விட்டு நாள்தான். கப்பல் வந்து, பேப்பர் கட்டும் வந்தது. அன்று சாயந்திரம் ஹெட்கிளார்க் ஐயா நாலு வடை பொட்டலம் வாங்கிக்கொண்டு மரைன் ஹில்லுக்குப் போனார். கட்டிக் கொடுத்தது நான்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு ஒருத்தரும் சாப்பிட வரவில்லை.

ஒருத்தரும் என்றால் ஒருத்தரும். பானைச் சோறு ஆறிப்போனது. நான் தண்ணீர்த் தட்டுப்பாட்டால்தான் ஆபீஸ் விட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் பெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். டீ கூடக் கேட்கவில்லை. ஊர்க்கதை பேச அவர்களுக்கும் வேறு இடம் கிடையாது, பாவம். அக்கா கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, அக்கா கடையில் சாப்பிடலாமா கூடாதா என்று பேசினார்கள். அதைக் கேட்டுத்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

துறைமுகத்தை அடுத்த ஒரு உணவகத்தில் மீன் குழம்பு சாப்பிட்ட பலருக்கு வாந்தி, மயக்கம்; ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்; சுகாதார அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். பேப்பரில் வந்துவிட்டது.

ஊர் பெயர் எங்கே என்று கேட்பீர்கள். அது இருந்த முனை கிழிந்துபோயிருந்தது. ஆனால் துறைமுகம் என்றால் நம்ம துறைமுகம், மீன் குழம்பு என்றால் அக்கா கடை என்று முடிவாகிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களைப் பற்றி மெயின்லேண்ட் பேப்பரில் ஒரு வரி வராதா என்று இங்கே எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு ஏக்கம் உண்டு. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, வந்தால் போதும். அப்படியென்றால் நமக்கு ஏன் தெரியவில்லை என்று ஒருத்தர் கேட்டதற்கு, "நமக்கு எதுதான் உடனே தெரிஞ்சிருக்கு? நடந்து பத்து நாள் ஆயிருக்கும். பேப்பர் இப்பத்தானய்யா கப்பல்ல வந்திருக்கு," என்றார் ஹெட்கிளார்க் ஐயா.

அக்கா கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாளும் மீன் வாங்கினாள், மூன்றாம் நாளும் சமைத்தாள். "இன்னைக்கும் யாரும் வரலன்னா நாளைக்கு அடுப்பு மூட்டாண்டாம்ட்டி. அவுஹ கப்பல் வந்ததும் ஊருக்கே போயிருவோம். நீ வேற வேல பாத்துக்க," என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னதால் கண்ணில் தண்ணீர் எதற்கென்று தெரியவில்லை. எனக்கு வீட்டில் கால் போன மனுஷர் ஞாபகம் வந்தது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, டெல்லியில என்ன நடக்குன்னு ஒங்களுக்குத் தெரியுது. லண்டன்ல என்ன நடக்குன்னு தெரியுது. நாலடி தள்ளி இந்த அடுக்களையில என்ன நடக்குன்னு எந்திரிச்சு வந்து பாக்கத் தெரியலயோ?"

ஹெட்கிளார்க் ஐயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, நானா சொல்றேன்? பேப்பர்ல போட்டிருக்கான். இந்தா, நீயே பாரு." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்து விரித்துப் பிடித்தார்.

நான் அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எண்ணெய் ஊறிய தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பின்பக்கத்துப் படம் இந்தப் பக்கம் தெரிந்தது. ஒரு புடவையின் கரை. ஒரு பூச்சட்டி.

அந்தப் புடவையை எனக்குத் தெரியும். முந்தின வருஷம் தீபாவளிக்கு வந்த ஜவுளிக்கடை விளம்பரம் அது. வாங்க வழியில்லாவிட்டாலும், பொட்டலம் கட்டுவதற்கு முன் அந்தப் படத்தை நான் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன்! மனசு வராமல் அந்தத் தாளை அடுக்கின் அடியில் சொருகிச் சொருகி வைத்தவளும் நானே. கடைசியில் மறந்துபோய் அதிலேயே வடை கட்டியவளும் நானே.

வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். பொட்டலம் கட்டியது நான், வேலை நேரத்தில் படித்தது நான், பழைய தாளை ஒளித்து வைத்தது நான். அதைவிட, அத்தனை ஆம்பிளைகள் முன்னால் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியது கிடையாது. டீ கேட்டால் டீ, அவ்வளவுதான். அக்கா அந்தத் தாளை வாங்கிப் படிக்கிறாள், முகம் வெளுக்கிறது. அவளும் ஒரு பக்கத்தைத்தான் படிக்கிறாள்.

எப்படி வாசலுக்கு வந்தேன் என்று ஞாபகமில்லை. கையிலிருந்து புளித்தண்ணி சொட்டுகிறது.

"அத... திருப்புங்க," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பிஸ்வாஸ் தாதாவுக்கு மட்டும் கேட்டது. "க்யா? க்யா போலா?"

"பல்டாவோ, தாதா. பேப்பர் பல்டாவோ."

அவர் எட்டி அக்கா கையிலிருந்த தாளைத் திருப்பினார். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத மனுஷர் படத்தைப் பார்த்தார். புடவை, பூச்சட்டி, கம்பி மத்தாப்பு. தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அரே பாபு! ஏ தோ தீவாளி ஹை! தீவாளி ஹோகே கித்னா மஹினா ஹுவா? தீவாளி மீன் சாப்பிட்டு பங்குனியில வாந்தியா?"

பெஞ்சு முழுவதும் சிரித்துச் சாய்ந்தது. ஹெட்கிளார்க் ஐயா தாளை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "பழசா இருந்தாலும் சேதி சேதிதானே," என்று முனகினார். ஆனால் மறுபடி உட்காரவில்லை. நேராக நாலடி நடந்து, கதவில்லாத வாசலைத் தாண்டி அடுக்களைக்குள் போனார். பானையை, அடுப்பை, என் புளிச் சட்டியை எல்லாம் ஆபீஸ் ஃபைல் பார்க்கிற மாதிரி பார்த்தார். வெளியே வந்து, கை கழுவி, "சாப்பாடு போடும்மா," என்றார். அன்று அவர் மீன் குழம்பு மூன்று தடவை கேட்டார்.

நான் திட்டு வாங்கக் காத்திருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அக்கா அந்தத் துண்டுத் தாளை மேசையில் விரித்து, விரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பி என்னிடம் காட்டினாள். கறுப்பு மை.

"மூணு நாளா எல்லாரும் மீனச் சொன்னான். யாராச்சும் இதச் சொன்னானா? நானும் நெனைக்கலயேட்டி. சூட்டு வடையில இந்த மை ஒட்டாமலா இருந்திருக்கும்?"

நியாயம் தன் பக்கம் இருக்கும்போதே தன் குறையைத் தேடிப் பார்க்கிற இன்னொரு மனுஷியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. மறுநாளிலிருந்து கடைக்குப் பின்னால் நின்ற பாதாம் மரத்து இலையைக் கழுவித் துடைத்து அதில்தான் பொட்டலம். பேப்பர் படிப்பதற்கு மட்டும்.

"அப்போ நீ தாராளமாப் படி," என்றாள். "ஒளிச்சு ஒளிச்சுப் படிக்காத, கண்ணு கெட்டுப்போவும்." அவளுக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

பிறகு ஒன்று கேட்டாள். "ஏட்டி, நீதான் முழுசும் படிச்சிருக்கியே. அந்தச் சாப்பிட்ட ஆளுகளுக்கு அப்புறம் என்னாச்சுன்னு போட்டிருந்தானா?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நம்ம ஊர் இல்லை என்று தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வாந்தியும் மயக்கமும் யாருக்கோ வந்தது நிஜம்தானே. அந்தத் தாளில் மட்டும் நான் புடவையைத்தான் பார்த்தேன், சேதியைக் கவனிக்கவில்லை. அடுத்த நாள் பேப்பரை எப்போதோ பொட்டலம் கட்டியாகிவிட்டது. தெரியாது அக்கா என்றேன். "ம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பானையைக் கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் பெஞ்சில் யார் எந்தச் சேதி சொன்னாலும், "பல்டாவோ," என்று பிஸ்வாஸ் தாதா ஒரு குரல் கொடுப்பார். ஹெட்கிளார்க் ஐயாவே பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

அக்காவின் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ரெண்டு கடிதம் வந்தது, மூன்றாவது வரவில்லை. பாதாம் மரம் ரோடு அகலப்படுத்தியதில் போனது. பெஞ்சு எங்கே போனதோ. பேப்பர் கட்டை எதிர்பார்த்து இப்போது யாரும் கப்பலைப் பார்ப்பதில்லை. அக்கா கடை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். மல்லிகா கைப்பேசியின் ரோஜாப்பூ உறைகூட அங்கே வாங்கியதுதான். வீடியோவை எனக்குச் சரியாகக் காட்டவேண்டுமென்று முருகேசன் அன்றைக்கு அதை அவளுடைய பெரிய கைப்பேசியில்தான் போட்டுக் கொடுத்தார். நான் கையில் வாங்கி, என்னையறியாமல் அதைத் திருப்பிப் பார்த்தேன்.

"பெரியம்மா, அதுக்குப் பின்னாடி ஒண்ணும் இருக்காது!" என்று சிரித்தாள் மல்லிகா. உண்மைதான். ரோஜாப்பூ மட்டும் இருந்தது.

ஒரு உதவி கேட்கிறேன். கடை இருந்தது ஜெட்டி திருப்பத்திலிருந்து மூன்றாவதா நாலாவதா, புடவைக் கரை பச்சையா நீலமா, இதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை, அந்நாளில் அங்கே சாப்பிட்டவர்கள் தெரிந்தால் சொல்லுங்கள். அதைவிட, பழைய பேப்பர் சேர்த்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், துறைமுகம் உள்ள ஏதோ ஒரு ஊரில், ஒரு தீபாவளிக்கு முன்னால், மீன் குழம்பு சாப்பிட்டுப் படுத்தவர்களைப் பற்றி மறுநாள் என்ன போட்டிருந்தது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எழுந்து வீட்டுக்குப் போனார்களா என்று மட்டும் தெரிந்தால் போதும். அக்கா கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.